ரெண்டாவது புள்ளியில நின்ன பிரஷ்

தம்பி,

அம்மாவோட முப்பதாம் நாள் பூசைக்கு லீவு கிடைக்காதுன்னு நீ போன்ல சொன்னப்ப, சரிப்பா, வேலையப் பாருன்னு சொல்லி வச்சுட்டேன். நேர்ல சொல்லணும்னு இருந்த விஷயத்த இனி நேர்ல சொல்லப்போறதில்லன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. உள்ளதச் சொன்னா, நீ வரலன்னதுல எனக்கு ஒரு ஓரத்துல நிம்மதியாக்கூட இருந்துச்சு. இம்புட்டுத்தான் உங்கப்பன். அதான் எழுதுறேன்.

இது உனக்கு மட்டும் எழுதுற கடிதாசி இல்ல. மூணு நகல் எடுத்து வச்சிருக்கேன். ஒண்ணு மேலூர் மாமாவுக்கு. ஒண்ணு நான் வேலை பார்த்த பாலிடெக்னிக் ஸ்டாஃப் ரூமுக்கு. இன்னொண்ணு நம்ம பங்குச் சாமிகிட்ட, யாரு கேட்டாலும் படிக்கக் குடுங்கன்னு சொல்லி. ஆஸ்பத்திரி வராந்தாவுல அம்புட்டு சனத்துக்கு முன்னாடி உன்னையக் குத்தம் சொன்னவன், இப்ப உன் காதோட மட்டும் வந்து சொல்லிட்டு ஒதுங்கிக்கிட்டா அது நியாயமில்ல.

கல்லறையில மண்ணு போட்டுட்டு வெளிய வரும்போது நீ என்கிட்ட ஒண்ணு கேட்ட. “அம்மா கடைசியா போன்ல, அப்பாவ மன்னிச்ச மாதிரியே கடைசிவரைக்கும் இருய்யான்னு சொன்னாங்க. நான் என்னத்தப்பா உங்கள மன்னிச்சேன்?” நான் செருப்பத் தேடுற மாதிரி குனிஞ்சுக்கிட்டு, “சுகர் கூடிப்போய் ஏதோ பெனாத்துனா, விடு”ன்னேன். அவ பெனாத்தல தம்பி. சாகுறவரைக்கும் அவ புத்தி தெளிவாத்தான் இருந்துச்சு. நான்தான் செத்தவளப் பைத்தியக்காரி ஆக்கிட்டு வீட்டுக்கு வந்து கைகால் கழுவுனேன்.

முதல்ல இருந்து வாரேன். உனக்குத் தெரிஞ்சதயும் சேர்த்துத்தான் எழுதணும், மத்தவங்களும் படிக்கணுமில்ல.

தல்லாகுளத்துல ஒரு வக்கீல் வீட்டு ஷெட்ல கோழி அடைஞ்சு கிடந்துச்சு அந்தக் கார். சுதந்திரத்துக்கு முந்துன சின்ன வண்டி. எடுத்துட்டுப் போறீங்களான்னு அவரு கேட்டதும், நான் உங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை கேக்காம தூக்கிட்டு வந்துட்டேன். இன்ஜின ஓட வைக்க எனக்கு ஒரு வருஷந்தான் ஆச்சு. என்னை மூணு வருஷம் ஆட்டி வச்சது அதோட டைனமோ. ஓடும்போது பேட்டரிக்குக் கரண்ட் குடுக்குற சாமான் அது. அந்தக் காலத்து டைனமோவுல, கரண்ட எடுக்குறதுக்கு ரெண்டு கார்பன் பிரஷ் போக, மூணாவதா ஒரு சின்ன பிரஷ் இருக்கும். அத முன்னாடி தள்ளி வச்சா கரண்ட் கூடும், பின்னாடி இழுத்து வச்சா குறையும். வச்ச இடத்துல வச்சபடி அது குடுத்துக்கிட்டே இருக்கும். பேட்டரி காலியா இருக்கா, நெறஞ்சிருக்கான்னு அதுக்குத் தெரியாது. வயிறு நெறஞ்ச பிள்ளைக்கு மேல மேல ஊட்டுற கதைதான். நெறஞ்ச பேட்டரிக்கு ஊட்டுனா உள்ள ஆசிட் கொதிக்கும், கேஸ் கிளம்பும். அதனால அந்தக் காலத்து டிரைவருங்க பகல்ல தூரமாப் போகணும்னா ஹெட்லைட்டப் போட்டுக்கிட்டே போவாங்களாம். கூடுதலா வர்ற கரண்ட லைட்டு தின்னுரும்.

இத வெள்ளைக்காரன் சரியாச் செய்யல, நான் செஞ்சு காட்டுறேன்னு எனக்கு ஒரு திமிரு. பேட்டரி நெறஞ்சதும் தானா கரண்டக் குறைக்குற மாதிரி சின்னதா ஒரு பெட்டி. அதச் செய்யத்தான் ஆனையூர் வீட்டுப் பின்னாடி தகர ஷெட்டு போட்டு டெஸ்ட் பெஞ்ச் கட்டுனேன். டைனமோவச் சுத்த மோட்டார் வேணும்னு வாஷிங் மெஷினப் பிரிச்சேன். உங்கம்மா நாலு மாசம் கையில துவச்சா. பக்கத்து வீட்டுக்காரரு, “என்ன டீச்சரம்மா, சாரு உங்க மெஷினக் காருக்கு மாட்டிட்டாராம்ல”ன்னு கேட்டதுக்கு, “காரத் துவச்சு முடிச்சதும் என் மெஷினத் திருப்பித் தருவாரு”ன்னு சிரிச்சா. மிஷன் பள்ளிக்கூடத்துல அம்புட்டுப் பிள்ளைங்களுக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்துட்டு வந்து, துணியையும் துவச்சுப் போட்டுட்டு, ராத்திரி நோட்டுத் திருத்துவா. ஒரு நாள் முகம் சுளிச்சதில்ல. சுளிச்சிருக்கலாம்.

டைனமோ மூடிக்குள்ள ரெண்டு புள்ளி குத்தி வச்சிருந்தேன். முதல் புள்ளி, வண்டி சாதாரணமா ஓட. ரெண்டாவது புள்ளி, என் பெட்டிய டெஸ்ட் பண்ண. முழு வேகத்துல வர்ற கரண்ட என் பெட்டி அடக்குதான்னு பாக்கணும்னா மூணாவது பிரஷ்ஷ ரெண்டாவது புள்ளிக்குத் தள்ளித்தான் ஆகணும். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்படித் தள்ளி வச்சுத்தான் ஓட்டுனேன். பெட்டி அடக்கல. கருகி, பொகை வந்து, செத்துப்போச்சு. மூணு வருஷத்து வேலை. நீ ஷெட்டு வாசல்ல நின்னு, “என்னப்பா கருகுற வாடை”ன்ன. “பி.காம் படிக்கிற பயலுக்கு இங்க என்ன வேலை”ன்னு எரிஞ்சு விழுந்தேன். கோவத்துல பெட்டியப் பிச்சு மூலையில எறிஞ்சுட்டு, டைனமோவ அப்படியே கொண்டுபோய்க் கார்ல பூட்டுனேன். மறுநாள் மேலூர்ல மாமா புது வீடு மந்திரிப்பு, சாமியார் வந்து ஜெபம் பண்ணித் திறந்து வைக்கிற விசேஷம். அண்ணன் வீட்டுக்கு இந்தக் கார்லதான் போய் இறங்கணும்னு உங்கம்மாவுக்கு ஆசை. பிரஷ்ஷ முதல் புள்ளிக்குத் திருப்பி வைக்கல நான். “எல்லாம் சரியா மாட்டிட்டீங்களா?”ன்னு அவ கேட்டா. “ம்”ன்னேன்.

சனிக்கிழமை எனக்குப் பரிச்சை ட்யூட்டி. நீ அம்மாவக் கூட்டிட்டுக் கார்ல போ, நான் முடிச்சுட்டு பஸ்ல வாரேன்னு சொல்லி, உனக்கு ஒரே ஒரு உத்தரவு போட்டேன். லைட்டப் போட்டுக்கிட்டே ஓட்டு. “பகல்ல எதுக்குப்பா லைட்டு?”ன்னு கேட்ட. நியாயமான கேள்வி. நான் என்ன சொன்னேன்னு உனக்கு மறந்திருக்காது. “சொன்னதச் செய்டா. உனக்கு விளக்கம் சொல்லிக்கிட்டிருந்தா பொழுது விடிஞ்சு பொழுது போயிரும்.” நாலு வரியில சொல்லியிருக்கலாம், மேல எழுதியிருக்கேன் பாரு, அம்புட்டுத்தான். ஆனா காரணம் சொல்லாம வேலை வாங்குறதுல எனக்கு ஒரு பெருமை. லேப்ல பசங்ககிட்டயும் அப்படித்தான் இருந்தேன். உன் மகளுக்கு ஒண்ணச் செய்னு சொன்னா, ஏன்னும் சேர்த்துச் சொல்லு. அவ கேக்காட்டியும் சொல்லு.

பகல்ல லைட்டு எரிஞ்சா நம்ம ஊர் சனம் சும்மா விடுமா. எதிர்ல வர்ற டூவீலர்காரன் எல்லாம் கைய விரிச்சு மூடிக் காட்டுவான். ஒத்தக்கடை தாண்டுறதுக்குள்ள இருபது பேரு காட்டியிருப்பாங்கன்னு பின்னாடி அம்மா சொன்னா. டீக்கடைக்காரர் எந்திரிச்சு வந்து, “மாப்ள, லைட்டு எரியுதுப்பா”ன்னு ஜன்னல்ல தட்டிச் சொன்னாராம். “ஊரே சொல்லுதேடா, அணைச்சிரேன். பேட்டரி எறங்கிப்போயிட்டா அப்பா கத்தப்போறாரு”ன்னு சொன்னது அவதான். நீ அணைச்ச. உலகத்துல எந்தப் பிள்ளையும் அததான் செஞ்சிருக்கும். மேலூருக்குக் கொஞ்சம் முன்னாடி அழுகுன முட்டை வாடை வந்ததும் ஓரமா நிறுத்துனதும் சரி. அம்மா கால் வச்சிருந்த பலகையத் தூக்கிப் பார்த்து, கீழ பேட்டரி கொதிக்கிறதக் கண்டு, அம்மா காலடியில கிடக்குற சாமானாச்சேன்னு பதறி, இன்ஜின் ஓட ஓட வயரக் கழட்டுன. பொறி பறந்துச்சு. அந்தக் கேஸுக்கு அது போதும், பேட்டரி வெடிச்சு ஆசிட் தெறிச்சுச்சு. அவ அந்த நேரம் குனிஞ்சு பார்த்துக்கிட்டிருந்தா.

பம்ப்செட் தண்ணியில அவ முகத்த நீ எம்புட்டு நேரம் கழுவுனன்னு அங்க நின்ன ஆளுங்க சொன்னாங்க. டாக்டரும் சொன்னாரு, கழுவுன பையன் நல்லாக் கழுவியிருக்கான், இல்லாட்டி முகமே போயிருக்கும்னு. அத நான் உன்கிட்ட சொல்லவே இல்ல. இன்னிக்குத்தான் சொல்றேன்.

வராந்தாவுல நான் சொன்னது என்ன? “லைட்ட அணைக்காதன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அணைச்சுட்டான். தாயோட கண்ணையும் சேர்த்து அணைச்சுட்டான்.” மாமா இருந்தாரு, அத்தை இருந்தாங்க, பள்ளிக்கூட டீச்சருங்க இருந்தாங்க. நீ செவுத்தோட செவுரா நின்ன. உன் கையில ஆசிட் பட்டுத் தோல் உரிஞ்சிருந்துச்சு. அதக்கூட யாரோ நர்ஸுதான் பார்த்துக் கட்டுப் போட்டுச்சு.

இப்பச் சொல்றதக் கேளு. பரிச்சை ஹால்ல நின்னுக்கிட்டிருக்கும்போதே எனக்குப் பிரஷ் ஞாபகம் வந்துச்சு. பேப்பர் குடுத்துக் கொஞ்ச நேரத்துல. நீங்க கிளம்பியிருக்கக்கூட மாட்டீங்க. போன் ஸ்டாஃப் ரூம் பையில இருந்துச்சு. பக்கத்து ஹால்காரர்கிட்ட ஒரு நிமிஷம் பாத்துக்கோங்கண்ணேன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம். போகல. லைட்டுதான் எரியுமே, ஒரு மணி நேர ஓட்டம், என்ன ஆயிரப்போகுதுன்னு நினைச்சேன். அது பாதிதான். போன் பண்ணுனா, தப்பா மாட்டிட்டேன்னு உன்கிட்ட சொல்லணும். சாயங்காலம் பி.காம் பயன்னு சொன்ன வாயால காலையில அதச் சொல்லணும். அதுக்கு மனசு வரல. இதுக்காகத்தான் தம்பி உங்கம்மாவுக்குக் கண்ணு போச்சு. வேற பெருசா ஒரு காரணமும் இல்ல.

அதுக்கு மேலயும் ஒண்ணு இருக்கு. மறு மாசம், அவ இன்னும் ஆஸ்பத்திரியில கிடக்கும்போது, நான் அந்த டைனமோவக் கழட்டிப் பெஞ்சுல ஏத்துனேன். பிரஷ் ரெண்டாவது புள்ளியிலேயேதான் நின்னுச்சு. அதே மாதிரி பேட்டரி, அதே பல்புங்க. முதல்ல லைட்டு இல்லாம ஓட்டுனேன். கொதிச்சுச்சு. அடுத்து பேட்டரிய மாத்தி, லைட்டு எல்லாத்தையும் எரியவிட்டு ஓட்டுனேன். எரிஞ்சா கொதிக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டே நின்னேன். அப்படி ஆயிட்டா தப்பு உன்மேலயே இருந்துரும் பாரு, அதுக்குத்தான் வேண்டுனேன். கொஞ்சம் பிந்துச்சு, ஆனா அதுவும் கொதிச்சுச்சு. அதே முட்டை வாடை. மேலூர் போய்ச் சேர ஆகுற நேரத்துக்குள்ள. நீ லைட்ட அணைக்காம இருந்திருந்தாலும் அது நடந்திருக்கும். அந்தப் பிரஷ் அந்த இடத்துல இருக்குறவரைக்கும் எதுவும் அதக் காப்பாத்தியிருக்காது. முடிவ நோட்டுல எழுதி, கையெழுத்தும் போட்டு, டிரங்குப் பெட்டியில வச்சுப் பூட்டுனேன். பதினாலு வருஷமா அந்த நோட்டு என்கிட்டதான் இருக்கு.

வீட்டுக்கு வந்த பிறகு உங்கம்மா, நான்தான அணைக்கச் சொன்னேன், பிள்ளையக் குத்தவாளி ஆக்கிட்டேனேன்னு தினம் அழுதா. தாங்க முடியாம ஒரு நாள் அவகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். குடிக்கத் தண்ணி கேட்டா. குடிச்சுட்டு, “எனக்குச் சொல்லிட்டீங்க, சரி. அவனுக்குச் சொல்லுங்க. எனக்குக் கண்ணுதான் போச்சு. அவனுக்கு எல்லாமே போய்க்கிட்டிருக்கு”ன்னா. “நான் சொன்னா புருஷன் மேல கோள் சொன்னதா ஆயிரும். நீங்க சொல்றவரைக்கும் நான் அந்தப் பேச்ச எடுக்கமாட்டேன். நீங்களே சொல்லிட்டு வாங்க”ன்னா.

சொல்லத்தான் வந்தேன். நீ வேலைக்குன்னு வடக்க நாசிக் ஊருக்குக் கிளம்புன அன்னிக்கு மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு நான் வந்தது அதுக்குத்தான். பஸ் ஜன்னல் கம்பியப் பிடிச்சுக்கிட்டே நின்னேன். “என்னப்பா?”ன்னு கேட்ட. “தண்ணி பாட்டில் வேணுமா?”ன்னு கேட்டேன். உன் மடியில ரெண்டு பாட்டில் இருந்துச்சு. பஸ் நகர்ற வரைக்கும் நின்னுட்டு வீட்டுக்கு வந்தேன். அவ கட்டில்ல உக்காந்து வாசப்பக்கம் முகத்த வச்சுக்கிட்டிருந்தா. “சொல்லிட்டீங்களா?” நான் கட்டில் ஓரத்துல நின்னு, “சொல்லிட்டேன்”னேன். “என்ன சொன்னான்?” “அழுதான். சரிப்பான்னான்.” அவ நெஞ்சுல சிலுவை போட்டுக்கிட்டா. “என் பிள்ளைக்கு எம்புட்டுப் பெரிய மனசு. இனி அந்தப் பேச்சே வேண்டாங்க. அவன்கிட்டயும் நான் அதத் தோண்டமாட்டேன்”ன்னா.

பதினாலு வருஷம் அவ அந்த வார்த்தையக் காப்பாத்துனா. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு நீ போன் பண்ணுவ. சாப்பிட்டியா, பாப்பா எப்படி இருக்கா, அங்க மழையா. நாலு நிமிஷத்துக்கு மேல உனக்குப் பேச்சு வராது. அம்மா அதப் பத்திப் பேசாம இருக்காங்கன்னா என்னை இன்னும் மன்னிக்கலன்னு நீ நினைச்ச. அவ என்ன நினைச்சா தெரியுமா, எல்லாம் தெரிஞ்சும் அப்பாவ ஒரு சொல் சொல்லாம இருக்கானே, அவனப் பெத்ததுக்கு எனக்கு இது போதும்னு நினைச்சா. பேச்சு ஒண்ணுதான், ரெண்டு பேருக்கும் ரெண்டு அர்த்தம். நடுவுல உக்காந்து போன ஸ்பீக்கர்ல போட்டுக் குடுக்குறவன் நான்.

போன வருஷம் உன் வீட்டுக்காரி வந்திருந்தப்ப சிரிச்சுக்கிட்டே சொல்லுச்சு. “மாமா, உங்க மகன் வீட்டுல ஒரு லைட்ட அணைக்கணும்னாக்கூட, அணைச்சிரவான்னு கேட்டுட்டுத்தான் அணைப்பாரு.” அம்மாவும் சேர்ந்து சிரிச்சா. நான் எந்திரிச்சு ஷெட்டுக்குப் போயிட்டேன்.

கோயில் விஷயமும் ஒண்ணு. முதல் வருஷமே பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட சொன்னேன். மகன்கிட்ட சொல்லுப்பா, அதான் உனக்குப் பரிகாரம்னாரு. அதச் செய்யல, அதனால பூசையில சாமியார் குடுக்குற நற்கருணை அப்பத்த வாங்கல. வாராவாரம் அவ கையப் பிடிச்சுப் பீடம் வரைக்கும் கூட்டிட்டுப் போவேன், அவ வாங்குவா, நான் ஒரு அடி தள்ளி நின்னுக்குவேன். திரும்பி வந்து ரெண்டு பேரும் முழங்கால் போடுவோம். நானும் வாங்கிட்டேன்னுதான் அவ நினைச்சிருப்பா. கண்ணு தெரியாதவள ஏமாத்துறது ரொம்பச் சுலபம் தம்பி. நான் அவளுக்குத் தலை சீவி விட்டேன், சோறு ஊட்டுனேன், குளிப்பாட்டுனேன். ஆனையூர் பூரா என்னை நல்ல புருஷன்னு சொல்லுது.

மன்னிச்சிருன்னு நான் கேக்கல. கேட்டு நீ மன்னிச்சாலும் என்ன ஆகப்போகுது? அவ வாயால ஒரு தடவ, உன்மேல தப்பு இல்லய்யான்னு நீ கேட்டிருக்கணும். அவ சொல்லத் தயாராத்தான் இருந்தா, பக்கத்துலயே இருந்தா, நாலு நிமிஷ தூரத்துல. அத நான் வாங்கித் தரல. இனி யாராலயும் வாங்கித் தர முடியாது. நீ என் சாவுக்கு வரலன்னாலும் நான் குத்தம் சொல்லமாட்டேன். மாமாகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்.

அந்தக் காரை இரும்புக்குப் போட்டுருங்கன்னு நீ எத்தனையோ தடவ சொன்ன. போன வாரம் பழங்காநத்தத்துல இருந்து ஆள் வந்து வெட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்க. டைனமோவ மட்டும் குடுக்கல. இந்தக் கடிதாசியோட அது பார்சல்ல வருது, நோட்டும் வருது. கனமா இருக்கும், பார்த்து எடு. பின்மூடியில ரெண்டு ஸ்க்ரூ, கழட்டுனா உள்ள ரெண்டு புள்ளி தெரியும். மூணாவது பிரஷ் ரெண்டாவது புள்ளியில நிக்கும். அந்தச் சனிக்கிழமை நின்ன அதே இடம். நான் திருப்பி வைக்கல. திருப்ப அரை நிமிஷம் போதும். அது ஒண்ணுதான் உனக்குச் சாட்சி, அதனால கைய வைக்காம இருந்தேன். நான் உனக்குச் செஞ்ச ஒரே நல்லது அதுதான்.

நாளைக்குக் காலையில தல்லாகுளம் தபாலாபீஸ்ல போட்டுட்டு வீட்டுக்கு வந்துருவேன். அவ கட்டில் இன்னும் அதே இடத்துலதான் கிடக்கு. கட்டில் ஓரத்துல நின்னு, சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லணும்னு இருக்கு. அதே இடத்துல நின்னு, அதே வார்த்தையத்தான் அன்னைக்கும் சொன்னேன். அன்னைக்குக் கேக்க ஆள் இருந்துச்சு.

அப்பா